சொட்டின் நிறம்

முதல் சொட்டு சின்னவனின் மனைவி நெற்றியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தலைவலி என்று நடு அறைக் கட்டிலில் படுத்திருந்தாள். பல்லி என்று நினைத்தாள். இரண்டாவது சொட்டும் அதே இடத்தில் விழுந்ததும், பல்லிக்கு இவ்வளவு குறி பார்க்கத் தெரியாது என்று எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்தாள். மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

"என்னங்க, மேல இருந்து தண்ணி சொட்டுது."

"மழையா இருக்கும்," என்றான் சின்னவன், செய்தித்தாளில் இருந்து தலையை எடுக்காமல்.

"மேல உங்க அண்ணன் குடும்பம் இருக்கு. மழை அவங்கள விட்டுட்டு நம்ம மேல மட்டும் பெய்யுமா?"

சின்னவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, இல்ல இது தெளிவா?' என்று கேட்பது வேலை. பன்னிரண்டு வருடம் மற்றவர்களையே தீர்மானிக்கச் சொல்லிப் பழகியதில், தானாக எதையும் தீர்மானிக்கிற வழக்கம் அவனை விட்டுப் போயிருந்தது. எனவே மாடிக்குப் போய் அண்ணனைக் கூட்டி வந்தான்.

அவர்கள் இறங்கி வருவதற்குள் சொட்டு நின்றுவிட்டது. கூரை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது.

அண்ணனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் உத்தியோகம். வண்டி இடித்தால், கடை எரிந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால், நேரில் போய்ப் பார்த்து யார் மேல் தப்பு என்று அறிக்கை எழுதுவார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் யார் மேலும் தப்பில்லை என்று அவர் ஒரு அறிக்கைகூட எழுதியதில்லை. கட்டில்மேல் ஏறி, ஈரத்தை விரலால் தொட்டு, விரலை மோந்து பார்த்தார்.

"நமக்கு மேல ரெண்டு பாத்ரூமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணு எங்களுது, ஒண்ணு அப்பாவுது. இன்னிக்குக் காலைல அப்பா எப்ப குளிச்சார்?"

கேள்வியிலேயே பாதி அறிக்கை முடிந்துவிட்டதைச் சின்னவன் கவனித்தான். சொல்லவில்லை.

"ஆறு மணிக்கு," என்றாள் வாசலில் நின்ற அண்ணி.

"ஆறு மணித் தண்ணி பத்து மணிக்கா வரும்?" என்றாள் சின்னவன் மனைவி.

"கான்கிரீட்டுக்குள்ள நடந்து வரணும்ல. அதுக்கு டயம் ஆகும்." அண்ணன் கட்டிலில் இருந்து இறங்கினார். "அப்பா குழாய மூட மறந்துட்டுப் போயிருக்கார். அதான் விஷயம்."

அப்பா குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வால்வு திறக்கிறவராக இருந்தவர். தெருத்தெருவாகச் சைக்கிளில் போய், ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகி, காலையில் திறந்து, சொன்ன நேரத்தில் மூடியவர். ஒரே ஒரு நாள் மூட மறந்து ஒரே ஒரு தெருவுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருந்தாலும் அந்தத் தெரு அவருக்குச் சிலை வைத்திருக்கும். ஊரில் அவருக்குச் சிலை எதுவும் இல்லை.

ஆனால் இப்போது வயது எழுபத்தெட்டு. சின்னவனின் மகளான பேத்தியைக் கூப்பிட வேறு இரண்டு பெயர்களைத் தாண்டித்தான் அவள் பெயருக்கு வந்து சேர்வார். போன வருடம் ஒரு தடவை வாசல் குழாயை மூடாமல் வந்துவிட்டார். அது ஒரு தடவைதான். குடும்பக் கணக்கில் ஒரு தடவை என்பது 'எப்பவும்' என்றுதான் ஏறும்.

அவர் மாடியில் இருந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அம்மா போனபிறகு, அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, கீழே இடமில்லை என்றான் சின்னவன். மேலேயும் இடமில்லைதான். ஆனால் சின்னவன் முதலில் சொல்லிவிட்டான்.

"இங்க பாருடா," என்று அண்ணன் அவனைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குக் குழாய். நாளைக்கு அடுப்பு. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அப்பாதான்னு உறுதியாச்சுன்னா, பாத்துக்க ஆள் இருக்கற இடத்துல சேத்துடறதுதான் சரி. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எந்த இடம்?"

அந்த இடத்தின் வண்ணத் துண்டுப்பிரசுரம் அண்ணனின் சட்டைப்பையிலேயே இருந்தது. அதில் நாலு வயசானவர்கள் படத்துக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உறுதியாகட்டும்," என்றான் சின்னவன். அவனுக்குத் தெரிந்தவரை அது அப்பாவுக்கு ஆதரவாகப் பேசியது.

உறுதிசெய்வதற்கு அண்ணன் ஓர் அட்டவணை தயாரித்தார். தேதி, யார் குளித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், சொட்டியதா இல்லையா. மாடிப்படி ஏறும் இடத்தில் நூல் கட்டின பேனாவோடு தொங்கவிட்டார். அப்பாவைத் தவிர எல்லாரும் எழுதினார்கள். அப்பாவுக்காக அண்ணன் எழுதினார்.

நாற்பது நாளில் ஒன்பது தடவை சொட்டியது. ஒழுங்கே கிடையாது. தொடர்ந்து ஆறு நாள் காய்ந்து கிடக்கும்; பிறகு திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அட்டவணை ஒரு விஷயத்தைத் துல்லியமாகச் சொன்னது. சாதாரண நாட்களில் பத்து நிமிடத்தில் குளித்துவிட்டு வருகிற அப்பா, சொட்டிய ஒன்பது நாளிலும் ஐந்தரை மணிக்கே எழுந்து பாத்ரூமுக்குள் போய், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்திருந்தார். ஒன்பதுக்கு ஒன்பது.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான கேஸ் பாத்ததில்ல," என்றார் அண்ணன். குரலில் கொஞ்சம் ரசனைகூட இருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, உள்ள போய் முக்கால் மணி நேரம் என்ன பண்றீங்க?"

"குளிக்கறேன்."

"மத்த நாள் பத்து நிமிஷந்தான?"

"அழுக்கு இருந்துச்சு."

"வாசல் தாண்டாத ஆளுக்கு எங்க இருந்துப்பா அழுக்கு?"

அப்பா தன் நகங்களைப் பார்த்தார். சமையலறையில் அண்ணி ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிளம்பரை வரவழைத்தார்கள். தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான். நாலாவது நாளைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய முறை எளிமையானது. அப்பாவின் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையைக் கந்தல் பந்தால் அடைத்து, கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார். கீழே சின்னவன் மனைவி கட்டிலில் மல்லாந்து படுத்துக் காவல் காத்தாள். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் அண்ணன் பாத்ரூம். அங்கே இருந்த சலவை மிஷின் நனைந்துவிடக் கூடாது என்று, அதன் குழாயைக் கழற்றி, மிஷினை ஹாலுக்கு நகர்த்தினார்கள். தரை முழுக்கத் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு நாள் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"ரெண்டும் அருமையான பாத்ரூம் சார்," என்றார் நாளைக்கு. "இந்த மாதிரி தரை இப்பல்லாம் யாரும் போடறதில்ல. எதுவும் ஒழுகல."

"அப்ப கீழ விழறது என்ன, எங்க கண்ணீரா?" என்றாள் சின்னவன் மனைவி.

நாளைக்கு கொஞ்ச நேரம் யோசித்தார். "கலர் போட்டுப் பாக்கலாம்," என்றார்.

துணிக்குப் போடும் சாயம் இரண்டு பொட்டலம் வாங்கினார்கள். அப்பா பாத்ரூம் ஓட்டையில் சிவப்பு. அண்ணன் பாத்ரூம் ஓட்டையில் நீலம். எது கீழே வருகிறதோ அதுதான் குற்றவாளி. அப்பாவின் தரை ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கால் வைக்கத் தயங்கினார்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அப்பா ஐந்தரைக்கு எழுந்தார். முக்கால் மணி நேரம். பத்து மணிக்குக் கூரை சொட்டத் தொடங்கியது. சின்னவன் மனைவி ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கீழே வைத்தாள். அரைக் கோப்பை சேர்ந்ததும் குடும்பம் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது.

பழுப்பு நிறம்.

சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. துருப்பிடித்த கம்பி, சுண்ணாம்பு, முப்பது வருடத் தூசி எல்லாவற்றையும் கடந்து வருகிற தண்ணீர் அது. மேலே எந்த நிறத்தைக் கொடுத்தாலும் கூரை தன்னுடைய நிறத்தில்தான் திருப்பித் தரும். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அண்ணன் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நீ சொல்லுடா. கண்ணு உன் தொழில். இது சிவப்பா, நீலமா?"

சின்னவன் கோப்பையை வாங்கினான். நிறக்குருடு சோதிக்கும் புள்ளிப் படத்தைக் காட்டி எண் தெரிகிறதா என்று தினமும் இருபது பேரைக் கேட்கிறவன். தெரியவில்லை என்பதும் ஒரு விடை, அதற்கும் தாளில் ஓர் இடம் உண்டு என்று அவர்களுக்கு அவன்தான் சொல்வான். அண்ணனின் அட்டவணையில் அந்த இடம் இல்லை. அண்ணன் பேனாவோடு நின்றார். மனைவி நனைந்த தலையணையோடு நின்றாள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"சிவப்புப் பக்கமாத்தான் இருக்கு."

"பக்கம்னா? சிவப்பா இல்லையா?"

"சிவப்புதான்," என்றான் சின்னவன்.

சொன்ன பிறகுதான் வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தான். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்திருந்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மகன்களைப் பார்த்தார். கடைசியாக, அவர்களுக்குப் பின்னால் நின்ற அண்ணியை ஒரு கணம் பார்த்தார்.

"நான்தான்," என்றார். "குழாயத் திறந்து விட்டுட்டு மூட மறந்துடறேன்."

"எந்தக் குழாய்ப்பா?" என்றான் சின்னவன். ஏன் கேட்டான் என்று தெரியவில்லை.

"எல்லாக் குழாயும்தான்."

அண்ணன் பேனாவை மூடினார். முகத்தில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம்தான். வேலை முடிந்தபிறகு வருகிற வகை.

அப்பாவை அடுத்த வாரமே அழைத்துப் போனார்கள். ஒரு பை, ஒரு போர்வை, ஒரு டார்ச் லைட். கார் வந்து நின்றபிறகும் அப்பா பாத்ரூமுக்குள் இருந்து வரவில்லை. உள்ளே அவர் ஒவ்வொரு குழாயாக மூடிக்கொண்டிருந்தார். வால்வு மூடிய கை. அதற்கப்புறம் அந்தக் குழாய்களை வீட்டில் யாராலும் திறக்க முடியவில்லை. திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஒழுகல் நின்றுவிட்டது.

ஒரு வாரம். இரண்டு வாரம். இருபத்தாறு நாள். கூரை ஈரம் காய்ந்து, ஓரங்களில் மஞ்சள் கோடாக மட்டும் நின்றது. அண்ணன் அட்டவணையைக் கழற்றி, அடியில் 'காரணம் நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்தார். பழக்கதோஷம். சின்னவனுக்கும் அதைப் படித்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. தான் சொன்ன நிறம் சரியாகிவிட்டது. அதை நினைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினான்.

இருபத்தேழாம் நாள் காலை, கூரை சொட்டவில்லை. கொட்டியது.

தலையணை அளவுக்கு ஒரு பூச்சு அப்படியே பெயர்ந்து கட்டிலின் நடுவில் விழுந்தது. சின்னவன் மனைவி அப்போதுதான் போர்வையை மடித்துவிட்டு எழுந்து போயிருந்தாள். வாசலில் நின்று, விழுந்ததைப் பார்த்தாள். அதன் மேல் தண்ணீர் கயிறு போல் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை.

சின்னவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். அப்பாவின் பாத்ரூம் கதவைத் திறந்தான். தரை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மூலையில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து செத்துக் கிடந்தது, அதுவும் பல நாளாக. இளஞ்சிவப்புக் கறை மட்டும் ஓரத்தில் மிச்சம்.

பக்கத்துப் பாத்ரூமில் சலவை மிஷின் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அறையை அண்ணனுக்கு ஆபீஸ் அறையாக மாற்றுகிறார்கள். அதற்காக அங்கிருந்த திரைச்சீலை, கம்பளி, மெத்தை உறை எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டிருந்தாள்.

"என்ன தம்பி, இப்படி ஓடி வர்றீங்க?"

அவன் மிஷினின் பொத்தானை அழுத்தினான். ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து மனைவியின் குரல் வந்தது. "நின்னுடுச்சு!"

மறுபடி அழுத்தினான். மிஷின் வயிற்றைக் காலி செய்யத் தொடங்கியது. "ஐயோ, கொட்டுதுங்க!"

நிறுத்தினான். "நின்னுடுச்சு!"

நாற்பது நாள் அட்டவணையும் இரண்டு பொட்டலம் சாயமும் செய்ய முடியாததை ஒரு பொத்தான் மூன்று நிமிடத்தில் செய்தது. யார் குளித்தார்கள் என்று எழுத அண்ணன் கட்டம் போட்டிருந்தார். துணிக்குக் கட்டம் இல்லை.

ஆச்சரியமாக, நாளைக்கு அன்றைக்கே வந்தார். மிஷினுக்குப் பின்னால் சுவரை உடைத்து, உள்ளே இருந்த கழிவுக்குழாயின் இணைப்பைக் காட்டினார். விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. "சின்னத் துணின்னா கொஞ்சமாத் தண்ணி வரும் சார், சமத்தா இறங்கிடும். பெட்ஷீட், கம்பளி மாதிரி கனத்த துணி போட்டா மிஷின் முழுசா நிரப்பிக்கும். அவ்வளவையும் ஒரே மூச்சுல தள்றப்ப இது வாய் வழியா கக்கிடுது. அன்னிக்கு நாம மிஷினைக் கழட்டி வெச்சுட்டு டெஸ்ட் பண்ணோமா…" மீதியைச் சொல்லாமல் சுவரைத் தட்டினார். "நல்ல சுவர்."

அவர் போனபிறகும் அண்ணி முக்காலியை விட்டு எழவில்லை.

"அண்ணி," என்றான் சின்னவன். "அப்பா இருந்தப்ப நாப்பது நாள்ல ஒன்பது தடவை கம்பளியா துவைச்சீங்க?"

அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"பெட்ஷீட்டு," என்றாள். "மாமாவுக்குச் சில நாள் ராத்திரில படுக்கையிலயே போயிடும். அவருக்கே தெரியாது. முழிச்சதும் யாரும் எழுந்துக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சுருட்டி எடுத்துட்டுப் போய், உள்ள உக்காந்து அவரே அலசுவார். அதான் அந்த முக்கால் மணி நேரம். நான் ஒரு நாள் பாத்துட்டேன். 'குடுங்க மாமா, நான் மிஷின்ல போட்டுக்கறேன்'னு வாங்கிட்டேன். வேலையெல்லாம் முடிச்சுட்டுப் பத்து மணிக்குப் போடுவேன். 'பசங்களுக்குத் தெரிய வேணாம்மா'ன்னார். கையப் புடிச்சுட்டுக் கேட்டார் தம்பி. சரின்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"அவர அனுப்பறப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"மிஷின்தான் ஒழுகுதுன்னு எனக்கென்ன தெரியும்? குழாய்னு எல்லாரும் சொன்னீங்க, அவரும் ஆமான்னார். இந்த விஷயத்த நான் சொல்லப் போய், அதுக்காகவே அனுப்பிட்டா? அந்தப் பாவம் எனக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்." பிறகு, "நீங்கதான சிவப்புன்னீங்க," என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்தான். சின்னவன் உடைந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே மனைவி பூச்சுத் துண்டுகளைக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் மிஷினைக் காட்டினான். பெட்ஷீட் விஷயத்தைச் சொல்லவில்லை. கம்பளி, திரைச்சீலை, கனத்த துணி என்று மட்டும் சொன்னான். அண்ணன் டார்ச் அடித்து இணைப்பைப் பார்த்தார். தொழில்முறையில் ஒத்துக்கொண்டார்.

"சரிதான். ஒழுகலுக்குக் காரணம் இதுதான்."

"அப்ப அப்பாவக் கூட்டிட்டு வந்துடலாமா அண்ணா?"

"எதுக்கு?"

"அவர் குழாய மூடாம இல்லையே. மூடித்தான் இருந்திருக்கார்."

அண்ணன் டார்ச்சை அணைத்தார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருடா. மூடின குழாய மூடலன்னு தன் வாயாலயே சொல்றார். செய்யாத ஒண்ண செஞ்சதா நினைக்கறார். அப்ப நிலைமை நாம நினைச்சத விட மோசமால்ல இருக்கு?"

சின்னவனிடம் அதற்குப் பதில் இருந்தது. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்ற பதில். அதைச் சொன்னால் அண்ணனிடம் இன்னொரு காரணம் சேரும். இதற்கு அட்டவணைகூடத் தேவைப்படாது. வாயை மூடிக்கொண்டான்.

"அதுவும் இல்லாம, ரூமுக்கு மேசை வந்தாச்சு," என்றார் அண்ணன்.

கீழே, மனைவி ஹாலில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். பூச்சு வேலை முடியும்வரை நடு அறையில் படுக்க முடியாது.

"நம்மோட வெச்சுக்கலாம்னு சொல்லப் போறீங்களா?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நானும் வேணாம்னு சொல்லலையே."

இருவரும் மற்றவர் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் பஸ் ஏறினான். ஒன்றரை மணி நேரப் பயணம். போகிற வழியெல்லாம், உண்மையை அப்பாவிடம் சொல்வது தன் கடமை என்று நினைத்துக்கொண்டான். சொன்னபிறகு என்ன என்பதைப் பற்றி நினைக்கவில்லை. அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது.

துண்டுப்பிரசுரத்தில் சிரித்த நாலு பேரும் அங்கே இல்லை. நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள், ஓர் அறைக்கு இரண்டு கட்டில். அப்பாவுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கழுத்து நீண்டு போனது போல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் வந்த நாளில் இருந்து பேசியதில்லை என்றார் அப்பா, புகாராகச் சொல்லவில்லை.

"உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கே. தண்ணி குடிக்கறதில்லையா?"

"குழாய நான் தொடறதில்லடா. இங்க பொண்ணுங்க இருக்காங்க, வந்து புடிச்சுத் தருவாங்க. அவங்களுக்கும் நிறைய வேலை." கொஞ்சம் முன்னால் குனிந்தார். "கீழ ஒழுகல் நின்னுடுச்சா?"

சின்னவன் சொன்னான். மிஷின், சுவர், கழிவுக்குழாய், இணைப்பு. எல்லாவற்றையும் சொல்லி, "உங்க மேல தப்பே இல்லப்பா," என்று முடித்தான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். வேலையில் இருந்த காலத்தில் பைப் உடைந்த தகவலைக் கேட்கிற முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ன துணி?" என்றார்.

"திரைச்சீலை, கம்பளி. ரூம் காலி பண்றப்ப போட்டது."

"அதுக்கு முன்னாடி ஒழுகினதெல்லாம்?"

"அது என்ன துணின்னு தெரியலப்பா."

அப்பா அவனை நன்றாகப் பார்த்தார். அவன் பக்கத்துக் கட்டில்காரரின் முதுகைப் பார்த்தான்.

"அண்ணி நல்லவடா," என்றார் அப்பா.

பிறகு எழுந்தார். சின்னவன் நினைத்ததைவிட வேகமாக எழுந்தார். அலமாரியில் இருந்து இரண்டு வேட்டி, மூன்று சட்டை, துண்டு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்தார். எதை முதலில் வைப்பது, எதை மேலே வைப்பது என்று அவருக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை. டார்ச்சை ஓரத்தில் செருகினார். உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றி, வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொத்தானும் அதனதன் ஓட்டையில் விழுந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும்னா போட்டுட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

சின்னவன் எழவில்லை.

"மேல ரூம்ல அண்ணன் மேசை போட்டுட்டார்ப்பா."

"போடட்டும். எனக்கு மாடி எதுக்கு, முட்டி வலிக்குது. கீழ உன்னோட இருந்துக்கறேன். ஹால்ல ஒரு ஓரமாப் படுத்துக்கறேன், பிள்ளைக்கும் தொந்தரவு இல்லாம."

தினமும் இருபது பேர் 'இதுவா, அதுவா' என்று திணறுகிறபோது பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவன்தான். தன் முறை வந்தபோது அவன் திணறவில்லை. பதில் தயாராக வந்து விழுந்தது.

"நடு ரூம் சீலிங் மொத்தமா பேந்து போச்சுப்பா. பூசறாங்க. நாங்களே ஹால்லதான் படுக்கறோம். அது முடியணும்."

"எத்தன நாளாகும்?"

மேஸ்திரி மூன்று நாள் என்று சொல்லியிருந்தார்.

"ஒரு மாசமாவது ஆகும்," என்றான் சின்னவன். "ஈரம் காயணும்ல."

முப்பத்தொரு வருடம் தண்ணீரோடு இருந்தவர். எந்த ஈரம் எவ்வளவு நேரத்தில் காயும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குக் கோப்பையைப் பார்த்துவிட்டு எல்லாரையும் பார்த்தாரே, அதே மாதிரி அவசரமில்லாமல் பார்த்தார்.

"ஆமாமா," என்றார். "காய ஒரு மாசம் ஆகும். அதுக்குக் குறையாது."

செருப்பைக் கழற்றினார். பையைத் திறந்து, வைத்த வரிசைக்கு மறுவரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினார். முதலில் துண்டு. பிறகு சட்டைகள். சின்னவன் உதவிக்கு எழுந்து கையை நீட்டினான்.

"நீ விடுடா, நான் பாத்துக்கறேன்," என்றார் அப்பா. "உனக்கு பஸ் போயிடும், பாரு."

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சின்னவன் கிளம்பினான்.